டொமினோ (செய்நிரல் மொழி)

வலையமைப்புச் சுவிட்ச்சுகளின் முழு வேகத்துக்கு ஈடுகொடுத்துத் தரவுப் பொதிகளைக் கையாள்வதற்கென்றே வகுக்கப்பட்ட துறைசார் செய்நிரல் மொழி. சென்னை ஐஐடியில் படித்த அனிருத் சிவராமன், ஹரி பாலகிருஷ்ணன் ஆகியோரும் ஜார்ஜ் வர்கீஸ், நிக் மெக்கியோன் உள்ளிட்ட பிறரும் சேர்ந்து எழுதிய ஆய்வுக்கட்டுரை வழியே 2016இல் சிக்காம் என்ற கணினி வலையமைப்பு மாநாட்டில் அறிமுகமானது.

சிலாபத்திலிருந்து கைபேசியில் அனுப்பும் ஒரு படமும் பல பொதிகளாகப் பிரிந்துதான் போகிறது. உயர்வேகச் சுவிட்ச்சுக்கு ஒரு பொதிக்கு ஏறத்தாழ ஒரு நானோ செக்கன்தான் கிடைக்கும். 2014இல் வெளியான பீ4 மொழி, பொதித் தலைப்புகளை வாசித்து மாற்றும் வேலையை எளிதாக்கியது. முந்தைய பொதிகளை நினைவில் வைத்து முடிவெடுக்கும் வழிமுறைகளை எழுதுவதோ கடினமாகவே இருந்தது. டொமினோ தீர்க்க முயன்றது இதைத்தான்.

தொடரும் இரு பொதிகளுக்கு இடையிலான நேரம் குறித்த எல்லையைத் தாண்டினால் புதிய பாதை, இல்லையேல் பழைய பாதை என்ற விதியை எடுத்துக்கொள்வோம். ஒரு பொதியின் வேலை முடிந்த பிறகே அடுத்தது வருவதுபோல, சீ மொழியை ஒத்த நடையில் இதைச் சில வரிகளில் எழுதிவிடலாம். அதை வன்பொருளின் அடுத்தடுத்த படிகளாகப் பிரிப்பது தொகுப்பானின் பொறுப்பு. சுழற்சிக் கட்டளைகளுக்கும் சுட்டிகளுக்கும் இடமில்லை.

கண்டிப்பே இம்மொழியின் பெரும் பலம். தொகுப்பான் ஏற்ற நிரல் முழு வேகத்தில் ஓடும்; அதற்கு இயலாத நிரல் அப்போதே நிராகரிக்கப்படும். பொதி வரிசைகளின் நெரிசலைக் கட்டுப்படுத்தும், வர்க்கமூலம் கணிக்க வேண்டிய கோடெல் வழிமுறை அவ்வாறே ஏற்கப்படவில்லை.