ஒரே கூலி, இரு சட்டங்கள்: அமெரிக்காவில் இத்தாலியரும் பிலிப்பினோக்களும்

அமெரிக்கக் குடியேறிகளின் வரலாற்றுக்குள் புகுவோர் முதலில் எதிர்கொள்வது வருமானப் பட்டியல்களைத்தான். இன்ன வழியினர் ஆண்டுக்கு இத்தனை டாலர் ஈட்டுகின்றனர், இன்னாரில் இத்தனை பேர் பட்டதாரிகள் என்று வரிசையிட்டுக் காட்டும் அப்பட்டியல்களில் இத்தாலிய வழித்தோன்றல்களும் பிலிப்பினோ வழித்தோன்றல்களும் பெரும்பாலும் அருகருகே நிற்கின்றனர். இரு சாராரும் நாட்டின் இடைநிலைக்கு மேலே. 2019ஆம் ஆண்டில் பிலிப்பினோக் குடும்பங்களின் இடைநிலை வருமானம் சுமார் 90,000 டாலர். நாடு முழுமைக்குமான தொகை 70,000ஐத் தொடவில்லை. 25 வயதைக் கடந்த பிலிப்பினோக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் பட்டம் பெற்றவர்கள். இத்தாலியரைவிட ஒரு படி உயரத்திலேயே அவர்கள் இருப்பதாகத் தோன்றும்.

இரண்டும் கத்தோலிக்கச் சமூகங்கள். குடும்பப் பாசமும் ஊர்ப் பாசமும் மிக்கவை. இரண்டுமே மண்வெட்டியோடும் அரிவாளோடும் வாழ்வைத் தொடங்கியவை. ஆகவே, உழைத்தார்கள், சிக்கனமாய் இருந்தார்கள், பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள், உயர்ந்தார்கள் என்று இரண்டு வரலாறுகளையும் ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிற கட்டுரைகள் ஏராளம். எண்களில் பிழையில்லை. அவை யாருடைய எண்கள் என்பதுதான் கேட்கப்படாமலே போகிறது. நாம் இங்கே கேட்க விழைவது அதைத்தான்.

முதலில் இத்தாலியர். 1880க்கும் 1924க்கும் இடையே ஏறத்தாழ 40 லட்சம் இத்தாலியர் அமெரிக்கக் கரையில் இறங்கினர். பெரும்பாலோர் சிசிலி, கலாப்ரியா, பசிலிகாத்தா முதலிய தென்பகுதிகளின் நிலமற்ற உழவர்கள். இறங்கியவர்களை வளைத்துப் பிடித்து வேலைக்கு அனுப்பியவர் பெயர் பத்ரோனே. நம் பக்கத்துக் கங்காணி என்றால் விளக்கம் வேண்டியிராது. சுரங்கப்பாதை தோண்டினர், தண்டவாளம் பதித்தனர், செங்கல் சுமந்தனர். பெண்கள் தையற்கூடங்களில் ஊசி பிடித்தனர். 1911இல் நியூயார்க் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலைத் தீயில் மாண்ட 146 பேரில் பெரும்பாலோர் யூதப் பெண்களும் இத்தாலியப் பெண்களுமே.

இழிவுக்கும் குறைவில்லை. 1891 மார்ச்சில் நியூ ஆர்லியன்ஸ் நகரில், காவல்துறைத் தலைவர் ஹென்னெஸி கொலைவழக்கையொட்டி, சிறையை உடைத்துப் புகுந்த கும்பல் 11 இத்தாலியரைக் கொன்றது. மாண்டவர்களில் சிலர் நீதிமன்றத்தில் விடுதலை பெற்றிருந்தவர்கள். நகர மேயர் இதற்கு மன்னிப்புக் கேட்க 2019 ஆயிற்று. சகோதரக் கத்தோலிக்கரான ஐரிஷ்காரர்கள்கூடப் பல தேவாலயங்களில் இத்தாலியரைக் கீழ்த்தளத்தில் வைத்தே பூசை கேட்கச் செய்தனர். சாக்கோவும் வான்செட்டியும் 1927இல் மின்நாற்காலியில் மாண்ட கதை நம் வாசகர்கள் அறிந்ததே. 1924ஆம் ஆண்டுச் சட்டம் இத்தாலியர் வருகையை ஆண்டுக்கு நாலாயிரத்துக்கும் கீழே சுருக்கியது.

இத்தனைக்கும் நடுவே ஒன்று மட்டும் இத்தாலியரிடமிருந்து பறிக்கப்படவேயில்லை. "சுதந்திரமான வெள்ளையர்" மட்டுமே குடியுரிமை கோரலாம் என்றது 1790ஆம் ஆண்டுச் சட்டம். (1870இல் ஆப்பிரிக்க வம்சத்தவரும் சேர்க்கப்பட்டனர்.) தெருவில் எவ்வளவு ஏளனம் செய்தாலும், குடியுரிமை அலுவலகத்தில் சிசிலிக்காரர் வெள்ளையர்தான். விண்ணப்பித்தால் குடிமகன், குடிமகனானால் வாக்கு, வாக்கு இருந்தால் நகராட்சி வேலை, காவல்துறை வேலை, கட்சியில் ஓர் இடம். ஃபோஜா மாவட்டத்திலிருந்து வந்தவரின் மகன் லா கார்டியா 1934இல் நியூயார்க் நகர மேயராகிறார். கலிபோர்னியாவில், வங்கிகள் ஏறெடுத்தும் பாராத குடியேறிகளுக்குக் கடன் கொடுக்க ஜியானினி 1904இலேயே 'பாங்க் ஆஃப் இத்தாலி'யைத் தொடங்கியிருந்தார்; பின்னாளில் 'பாங்க் ஆஃப் அமெரிக்கா' ஆனது அதுவே.

கல்வியில் அவர்கள் விரைந்து ஏறவில்லை என்பதையும் சொல்லவேண்டும். பையன் பன்னிரண்டு வயதில் கூலி கொண்டுவரவேண்டும் என்பதே தென்னித்தாலிய வீட்டின் கணக்கு. பசிலிகாத்தாவில் பிறந்து கிழக்கு ஹார்லெமில் உயர்நிலைப்பள்ளித் தலைமையாசிரியரான லியனார்டு கோவெல்லோ, இப்பிள்ளைகள் ஏன் பள்ளியை விட்டு ஓடுகிறார்கள் என்பதையே ஆயுள் முழுதும் ஆராய்ந்தார். அவருடைய குடும்பப் பெயர் உண்மையில் கோவியெல்லோ. உச்சரிக்க எளிதாயிருக்கட்டும் என்று ஓர் எழுத்தை ஆசிரியை எடுத்துவிட்டாராம். (பிலிப்பினோக்களுக்கு இந்தச் சிரமம் வாய்க்கவில்லை. 1849இல் ஸ்பானிய ஆளுநர் கிளாவெரியா பெயர்ப்பட்டியல் ஒன்றை வெளியிட்டு, அவர்களுடைய குடும்பப் பெயர்களை ஊரிலேயே மாற்றி முடித்திருந்தார்.) படிப்பால் ஏறாத இத்தாலியத் தொழிலாளியை ஏற்றிவிட்டவை தொழிற்சங்கமும், போருக்குப் பிந்தைய வீட்டுக்கடனும், 1944ஆம் ஆண்டின் படைவீரர் நலச்சட்டமும். மூன்று தலைமுறைகள் ஆயின. ஆனால் ஏறியது ஒரே குடும்பம்: பாட்டன் மண் சுமந்தான், தந்தை கொத்தனாராகிச் சங்கத்தில் சேர்ந்தான், பேரன் புறநகரில் வீடு வாங்கிக் கல்லூரிக்குப் போனான்.

இனிப் பிலிப்பினோக்கள். 1898இல் ஸ்பெயினிடம் 2 கோடி டாலர் கொடுத்து அமெரிக்கா அத்தீவுகளைப் பெற்றது. எதிர்த்து நின்ற மக்களை 1899 முதல் போரிட்டு அடக்கியது. அதன்பின் பிலிப்பினோ என்பவர் சட்டத்தின் கண்ணில் விசித்திரமான பிறவியானார். அயல்நாட்டவர் அல்லர், ஆகவே தடையின்றிக் கப்பலேறலாம். குடிமகனும் அல்லர், வெள்ளையரல்லாததால் ஆகவும் முடியாது. அமெரிக்கக் கொடிக்கு விசுவாசம் மட்டும் செலுத்தவேண்டும். 1906இல் 15 பேர் ஹவாய்க் கரும்புத் தோட்டத்தில் வந்திறங்கினர். பின்னர் ஆயிரமாயிரமாய் வந்தனர். 1920களில் கலிபோர்னியாவின் லெட்டூஸ், அஸ்பராகஸ் வயல்களும் அலாஸ்காவின் மீன் பதனிடும் ஆலைகளும் அவர்களை நம்பியே நடந்தன. பெரும்பாலும் இளைஞர்கள், மனைவியையோ சகோதரியையோ அழைத்துவந்தவர் அரிது. 1930 வாக்கில் பெண் ஒருத்திக்கு ஆண்கள் ஏறக்குறைய 14 பேர்.

தனியாக வந்ததில் வியப்பில்லை. இத்தாலியரும் அப்படித்தான் வந்தார்கள். கணிசமானோர் சம்பாதித்துக்கொண்டு ஊர் திரும்பினார்கள், எஞ்சியோர் மனைவியை வரவழைத்தார்கள் அல்லது இங்கேயே மணந்தார்கள். பிலிப்பினோவுக்கு அந்த இரண்டாவது வழி அடைக்கப்பட்டது. வெள்ளைப் பெண்களோடு நடனமாடினார்கள் என்ற ஆத்திரத்தில் 1930 ஜனவரியில் வாட்சன்வில் என்னும் ஊரில் கும்பல்கள் நாட்கணக்கில் வேட்டையாடின; ஃபெர்மின் தொபெரா என்ற இளைஞர் தங்கும் கொட்டகையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். வெள்ளையர் "மங்கோலியரை" மணப்பதைத் தடுத்தது கலிபோர்னியச் சட்டம். நான் மங்கோலியனல்லன், மலாய் இனத்தவன் என்று வாதிட்டு 1933இல் சால்வடார் ரோல்டான் வழக்கில் வென்றார். உடனே, அதே ஆண்டில், சட்டமன்றம் "மலாய் இனம்" என்ற சொல்லையும் தடையில் சேர்த்துவிட்டது. இத்தகைய சுறுசுறுப்பை மற்ற காரியங்களில் சட்டமன்றங்களிடம் நாம் காண்பதில்லை. தடை வீழ்ந்தது 1948இல்.

1934இல் பிலிப்பைன்சுக்கு விடுதலை வாக்களித்த சட்டமே அந்நாட்டவர் வருகையை ஆண்டுக்கு 50 பேராகச் சுருக்கியது. மறு ஆண்டு, இலவசக் கப்பல்பயணம் தருகிறோம், திரும்பிப் போங்கள் என்றார்கள். சுமார் 2,000 பேரே போயினர். தங்கியவர்களைத் தொழிலாளர் சட்டமும் கைவிட்டது. சங்கம் அமைக்கும் உரிமையைக் காத்த 1935ஆம் ஆண்டு வாக்னர் சட்டம் விவசாயக் கூலிகளுக்குப் பொருந்தாது. நியூயார்க் தையற்கூடத்து இத்தாலியப் பெண்ணுக்குக் கிட்டிய பாதுகாப்பு, ஸ்டாக்டன் அஸ்பராகஸ் வயலில் குனிந்து வெட்டிய பிலிப்பினோவுக்கு இல்லை. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கக் கொடியின்கீழ் இரண்டரை லட்சம் பிலிப்பினோக்கள் போரிட்டனர். 1946 பிப்ரவரியில் இயற்றிய ஒரு சட்டத்தால், அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் படைவீரர் நலன்கள் மறுக்கப்பட்டன. இத்தாலிய வீட்டுப் பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்பிய அதே நலன்கள்! உயிரோடு எஞ்சியிருந்த முதியோருக்கு 2009இல்தான் ஒரு தொகை கிடைத்தது: அமெரிக்கக் குடிமக்களுக்கு 15,000 டாலர், மற்றவர்க்கு 9,000.

1946 ஜூலையில் பிலிப்பினோக்களுக்குக் குடியுரிமைக் கதவு திறந்தது. அதே சட்டம்தான் இந்தியருக்கும் அதைத் திறந்தது. இருவருக்கும் ஆண்டுக்கு ஆளுக்கு 100 பேர் என்ற அளவில். 1920களில் இருபது வயதில் வந்தவர்கள் அப்போது நாற்பதைக் கடந்திருந்தார்கள்.

இரண்டு வரலாறுகளும் நேருக்கு நேர் முகம் பார்த்துக்கொண்ட இடம் ஒன்றுண்டு: கலிபோர்னியாவின் டெலானோ. 1965 செப்டம்பர் 8 அன்று, மணிக்கு 1.40 டாலர் கூலி கேட்டு அங்கே திராட்சைப் பறிப்பை நிறுத்தியவர்கள் முதிய பிலிப்பினோத் தொழிலாளர்கள். தலைவர் லாரி இட்லியாங், 1929இல் பதினைந்து வயதில் வந்தவர். சீசர் சாவேசின் மெக்சிகத் தொழிலாளர் சங்கம் சேர்ந்துகொண்டது ஒரு வாரம் கழித்தே. பின்னாளில் அப்போராட்டம் சாவேசின் பெயரால் மட்டுமே நினைக்கப்பட்டதில் நமக்கு வருத்தமுண்டு. எதிரே நின்ற தோட்ட முதலாளிகள் யார்? குரோவேஷியர் பலர். பெருந்தலைகள் இரண்டு: டி ஜியார்ஜியோ, ஜியுமாரா. முன்னதை நிறுவிய ஜோசப் டி ஜியார்ஜியோ சிசிலியின் செஃபலூவிலிருந்து சிறுவனாக வந்தவர். ஜியுமாரா குடும்பமும் சிசிலியே. ஏறத்தாழ ஒரே வயதில் கப்பலேறிய இரண்டு சிறுவர்கள். ஒருவர் பெயரில் பல்லாயிரம் ஏக்கர், மற்றவர் கையில் வேலைநிறுத்தப் பலகை. டி ஜியார்ஜியோவுக்குத் திறமை இருந்தது, ஐயமில்லை. அத்திறமைக்கு வாக்கும் நிலமும் கடனும் கிடைத்தன என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். ஜியுமாரா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது 1970 ஜூலையில், ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு.

அந்த வேலைநிறுத்தம் தொடங்கிய 25ஆம் நாள், 1965 அக்டோபர் 3 அன்று, நாட்டுவாரி ஒதுக்கீட்டை ஒழித்த புதிய குடிவரவுச் சட்டத்தில் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்டார். வருமானப் பட்டியலின் புதிருக்கு விடை இங்கேதான் இருக்கிறது. அச்சட்டத்தின் வழியே வந்த பிலிப்பினோக்கள் வேறு மனிதர்கள்: செவிலியர், மருத்துவர், பொறியாளர், கணக்காளர். காலனிய ஆட்சி அங்கே ஆங்கிலவழியில், அமெரிக்கப் பாடத்திட்டத்தில் செவிலியர் பள்ளிகளை முன்பே அமைத்திருந்தது. ஆகவே மணிலாவில் படித்தவர் நியூயார்க் மருத்துவமனையில் எளிதில் பொருந்தினார். 1960க்குப் பின் 1,50,000க்கு மேற்பட்ட செவிலியர் இவ்வாறு வந்தனர். படிப்பின் செலவு பிலிப்பைன்சுக்கு, பணி அமெரிக்காவுக்கு. அமெரிக்கக் கடற்படையும் அத்தீவுகளிலேயே ஆளெடுத்தது. ஆனால் 1970களின் தொடக்கம் வரை அதிகாரிகளுக்கு உணவு பரிமாறும் ஏவலர் பணியைத் தாண்டிப் பிலிப்பினோவை விடவில்லை.

ஆகப் பட்டியலில் நாம் காணும் 90,000 டாலர், வயலில் குனிந்தவரின் பேரன் ஈட்டியதன்று. பெரும்பாலும், பட்டத்தோடு விமானமேறியவரும் அவர் பிள்ளைகளும் ஈட்டியது. ஒரே கூரையின்கீழ் சம்பாதிக்கும் கைகள் பல, வசிப்பதோ கலிபோர்னியாவும் ஹவாயும் போல விலைவாசி மிகுந்த மாநிலங்களில் என்பதையும் கணக்கில் கொண்டால் அத்தொகையின் பளபளப்புக் கொஞ்சம் மங்கும். ஊரில் கணக்காளர், இங்கே எழுத்தர் என்று இறங்கிவந்தோர் கதை தனி. அந்த உயர்வின் விலையைப் பெருந்தொற்று இன்னொரு விதமாகக் காட்டியது. அமெரிக்கச் செவிலியரில் பிலிப்பினோக்கள் நூற்றுக்கு நால்வர். 2020 செப்டம்பர் வரை கொரோனாவில் மாண்ட பதிவுபெற்ற செவிலியரில், செவிலியர் சங்கக் கணக்கின்படி, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் அவர்கள்.

ஹவாயில் மட்டும் தொடர்ச்சி முழுதும் அறுபடவில்லை. தோட்டங்கள் குடும்பங்களையும் தருவித்ததால் அங்கே அடுத்த தலைமுறை பிறந்தது. குடியேறியவர் ஒருவரின் மகனான பெஞ்சமின் கயெட்டானோ 1994இல் அம்மாநில ஆளுநரானார். லா கார்டியாவுக்கு அறுபதாண்டு பின்னால்.

கலிபோர்னிய வயல்களில் வேலை செய்தவர்களை இளையோர் 'மனோங்' என்றழைத்தார்கள். இலோகானோ மொழியில் அண்ணன். அவர்களில் மணமாகாமலே முதுமை எய்தியோர் மிகப் பலர். வேலையில்லாக் காலத்தில் நகரங்களின் மலிவு விடுதிகளில் தங்கினார்கள். அவற்றில் பெயர்பெற்ற சான்பிரான்சிஸ்கோ இன்டர்நேஷனல் ஹோட்டலிலிருந்து 1977 ஆகஸ்டில் காவல்துறை அவர்களை நள்ளிரவில் வெளியேற்றியது. டெலானோவில் கதி சற்று மேல். ஒப்பந்தங்கள் வந்தபின் சங்கத்துக்குள் பிலிப்பினோக்களின் குரல் தேய்ந்ததால் இட்லியாங் 1971இல் விலகிவிட்டார். ஆனாலும், ஒதுங்க வீடில்லாத முதிய பறிப்பாளர்களுக்கென்று சங்கம் 1974இல் ஓர் இல்லம் கட்டியது. மறியலின்போது உயிர்விட்ட தோழர் ஒருவரின் நினைவாக அதற்கு அக்பயானி கிராமம் என்று பெயர். தொண்டர்கள் ஆயிரக்கணக்கில் வந்து கட்டிக்கொடுத்தார்கள். கட்டியவை குடும்பங்களுக்கான வீடுகளல்ல. ஒருவர் தங்கும் அறைகள்.