சின்னச் சீட்டு சொல்லும் பெரிய பாடம்



"சீட்டாட்டமா? அதுவும் பள்ளி மலரிலா?" என்று முகம் சுளிக்க வேண்டாம். காசு வைத்து ஆடும் சூதாட்டத்தைப் பற்றி நான் எழுத வரவில்லை. பிள்ளைகள் வாங்கிச் சேர்த்து, ஒருவருக்கொருவர் மாற்றிக்கொண்டு, மூளையைக் கசக்கி ஆடும் சீட்டு இது. அதற்கும் ஒரு வரலாறு உண்டு.

ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் உருவாக்கிய 'மேஜிக்: த கேதரிங்' என்ற ஆட்டம் 1993-ஆம் ஆண்டு வெளிவந்தது. சேகரிப்புச் சீட்டாட்டங்களுக்கெல்லாம் அதுவே முன்னோடி. ஆடுவோர் இருவர்; ஆளுக்கு 20 உயிர்ப்புள்ளி. ஒரு முறைக்கு ஒரு நிலச்சீட்டுதான் இறக்கலாம். அந்த நிலங்கள் தரும் 'மானா' என்னும் சக்தியை விலையாகக் கொடுத்தால்தான் உயிரினச் சீட்டு களத்துக்கு வரும். ஒவ்வோர் உயிரினத்துக்கும் தாக்கும் பலம், தாங்கும் பலம் என்று இரண்டு எண்கள் உண்டு.

அந்த முதலாண்டிலேயே வந்தது 'ஷிவன் டிராகன்'. தாக்க 5, தாங்க 5, பறக்கவும் செய்யும். அடேயப்பா! எந்தப் பையனுக்குத்தான் ஆசை வராது? ஆனால் அதன் விலை 6 மானா. நிலம் சேரும் வரை காத்துக் கிடக்க வேண்டும். பாடுபட்டு இறக்கினாலும், அதே ஆண்டில் வந்த 'ஸ்வோர்ட்ஸ் டு ப்ளௌஷேர்ஸ்' என்ற சீட்டு ஒரே ஒரு மானாவில் அதை ஆட்டத்தை விட்டே விரட்டிவிடும். ஆறு கொடுத்தவன் கையைப் பிசைவான்; ஒன்று கொடுத்தவன் சிரிப்பான்!

இனி 2007-ஆம் ஆண்டுக்கு வருவோம். 'ஃப்யூச்சர் சைட்' என்ற தொகுப்பில் 'டார்மகோய்ஃப்' என்ற உயிரினம் வந்தது. விலை 2 மானாதான். பறக்காது, பாயாது. எண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் நட்சத்திரக் குறி. இருவருடைய 'இடுகாட்டிலும்', அதாவது ஆடிக் கழிந்த சீட்டுக் குவியலிலும், எத்தனை வகைச் சீட்டுகள் கிடக்கின்றனவோ அத்தனை அதன் தாக்கும் பலம். அதைவிட ஒன்று கூடுதல் தாங்கும் பலம். நான்கு வகை கிடந்தால் தாக்க 4, தாங்க 5. எதிரி கழிக்கும் சீட்டும் அதற்குத் தீனிதான்!

ஓர் உதாரணம் பாருங்கள். அதன் தாங்கும் பலம் 3 ஆக இருக்கும்போது, 3 புள்ளி சேதம் தரும் 'லைட்னிங் போல்ட்' சீட்டை எதிரி வீசுகிறான். அந்த வகைச் சீட்டு இடுகாட்டில் அதுவரை இல்லை என்று வைத்துக்கொள்வோம். வீசிய சீட்டு இடுகாட்டில் விழுந்ததும் இதன் தாங்கும் பலம் 4 ஆகிவிடும். அடி விழுந்தும் ஆள் சாகவில்லை! கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்பது இதுதானோ?

வந்த புதிதில் பலர் இதை மதிக்கவில்லை. சில டாலருக்கே கிடைத்தது. அருமை புரிந்த பின் விலை நூறு அமெரிக்க டாலரைத் தாண்டியது. 2015-இல் லாஸ் வேகஸ் நகரில் நடந்த பெரும் போட்டியின் இறுதிக் கட்டத்தில், தம் கட்டுக்குப் பொருந்திய வேறொரு சீட்டை விட்டுவிட்டு, மினுங்கும் டார்மகோய்ஃபை எடுத்தார் ஓர் ஆட்டக்காரர். சக ஆட்டக்காரர்கள் சிலர் கடிந்துகொண்டார்கள். அந்தச் சீட்டோ ஏலத்தில் 14,900 டாலருக்குப் போனது. சந்தை மதிப்பு வேறு, ஆட்ட மதிப்பு வேறு என்பது அன்று எல்லாருக்கும் விளங்கியது.

ஆனால் யானைக்கும் அடி சறுக்கும் அல்லவா? 2017-இல் 'ஃபேட்டல் புஷ்' வந்தது. 2 மானாவுக்குள் விலையுள்ள உயிரினத்தை ஒரே மானாவில் ஒழிக்கும் சீட்டு அது. பலம் எத்தனை என்று அது பார்ப்பதில்லை, விலையைத்தான் பார்க்கும். எந்தக் குறைந்த விலை பெருமை தந்ததோ, அதுவே வினையாகிவிட்டது! மறுபதிப்புகளும் வந்தன. சந்தை விலை நாளடைவில் சரிந்தது.

மாணவ மணிகளே! அடுத்த முறை கையில் காசோடு கடைக்குப் போகும்போது, பெரிய எண்ணையும் பளபளப்பையும் கண்டு மயங்காதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள். இதைக் களமிறக்க நான் கொடுப்பது எவ்வளவு? இதை வீழ்த்த எதிராளி கொடுப்பது எவ்வளவு? என் கட்டிலுள்ள மற்ற சீட்டுகளோடு இது ஒத்துப்போகுமா?

பெற்றோர்களே! பிள்ளை சீட்டோடு உட்கார்ந்தால் உடனே பிடுங்கிப் போடாதீர்கள். "ஏன்டா இதை வாங்குன?" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அவன் சொல்லும் காரணத்தில் கணக்கும் இருக்கும், நிதானமும் வளரும். எடை போட்டுப் பார்க்கத் தெரிந்த பிள்ளை எந்தச் சந்தையிலும் ஏமாறாது!