டிராக்டருக்காகப் பிறந்த ஏர் ஃபில்டர்

ஆடித்தபசுக்கு ஊருக்கு வந்த தம்பி மகன், காரோட பானெட்டைத் திறந்து காட்டினான். கம்பெனி கொடுத்த கறுப்புப் பெட்டியைக் கழற்றிட்டு, கூம்பு மாதிரி சிவப்பா ஒரு ஃபில்டர் மாட்டியிருந்தான். "பெரியப்பா, இப்ப இன்ஜின் நல்லா மூச்சு விடும், சத்தத்தைக் கேளுங்க"ன்னு உள்ளே உட்கார்ந்து ஆக்ஸிலேட்டரை மிதிச்சான். சத்தம் நல்லாத்தான் இருந்தது. ஆனா என் கவனமெல்லாம் வெளியே அடிச்ச ஆடிக்காத்துமேல இருந்தது. அம்மியையே பறக்கவைக்கிற காத்து, கரிசல் புழுதியைச் சும்மா விடுமா?

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய ஏறக்குறைய 9,000 லிட்டர் காத்து வேணும். அந்தக் காத்தோட தூசியும் உள்ளே போனா, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்ச மாதிரி ரிங்கும் லைனரும் தேயும்.

ஆரம்ப காலத்துக் கார்களுக்கு இந்தக் கவலை தெரியலை. 1908-ல் வந்த ஃபோர்டு மாடல் டி கார்ல ஏர் கிளீனரே கிடையாது. கவலைப்பட்டது விவசாயிதான். அமெரிக்காவில் ஃபிராங்க் டொனால்ட்சன்னு ஒரு டிராக்டர் விற்பனையாளர். அவர் விற்ற டிராக்டர் ஒண்ணு தூசி நிறைஞ்ச வயல்ல திரும்பத் திரும்பப் பழுதாச்சு. அவரே ஒரு வடிகட்டி செஞ்சு மாட்டினார். அதனாலேயே வேலை போச்சு. 1915-ல் சொந்தமா கம்பெனி தொடங்கினார். அவர் பேர்ல அந்தக் கம்பெனி இன்னைக்கும் ஃபில்டர் செய்யுது.

அப்புறம் வந்தது எண்ணெய்த் தொட்டி ஏர் கிளீனர். வில்லிஸ் ஜீப்பிலும் நம்ம பக்கத்துப் பழைய டிராக்டர்களிலும் பார்த்திருப்பீங்க. குழாய் வழியா கீழே வர்ற காத்து, எண்ணெய்மேல மோதி சட்டுன்னு மேலே திரும்பும். கனமான தூசி திரும்ப முடியாம எண்ணெயில விழும். மிச்சத்தைக் கம்பிவலை பிடிக்கும்.

சின்ன வயசுல நான் ஒருத்தர்கிட்ட டிராக்டர் டிரைவர். உழவு சீசன்ல தினமும் அந்தத் தொட்டியைப் பார்க்கணும்னு சொல்லித்தான் வேலை கொடுத்தாங்க. ஒரு வருஷம் ராப்பகலா உழவு. நாளைக்குப் பாப்போம், நாளைக்குப் பாப்போம்னு விட்டுட்டேன். தொட்டியில எண்ணெய் இருந்த இடத்துல சேறு. இன்ஜின் நீலப்புகை கக்கிச்சு. லைனர், பிஸ்டன், ரிங் எல்லாம் மாத்தினாங்க. செலவுல பாதி என் சம்பளத்துல கழிஞ்சது. அந்தத் தீபாவளிக்கு வீட்ல யாருக்கும் புதுத்துணி இல்லை.

தம்பி மகன் மாட்டினது பஞ்சு ஃபில்டர். கம்பிவலைக்கு நடுவுல எண்ணெய் தடவின பருத்தித் துணி. இதைப் பிரபலமாக்கின கே அண்ட் என் கம்பெனி 1969-ல் கலிஃபோர்னியாவில் தொடங்கினது. மோட்டார் சைக்கிள் பந்தயக்காரங்க மத்தியில பரவின சாமான் இது. பருத்தி விளையுற ஊர்க்காரனுக்குக் கேட்கச் சந்தோஷம்தான்.

இவனுக்கு இந்த ஆசை கோயம்புத்தூர்ல படிக்கும்போது வந்தது. மாருதி 800 இன்ஜினை வெச்சே பந்தயக் கார் கட்டினவர் அந்த ஊர் கரிவரதன். சோழவரம் ஓடுதளத்துலயும் இருங்காட்டுக்கோட்டையிலும் கார் ஓடின கதையெல்லாம் சொல்லுவான். நான் கேட்டேன்: "பந்தயம் முடிஞ்சதும் இன்ஜினைப் பிரிச்சுப் பார்ப்பாங்க, ஃபில்டரைக் கழுவுவாங்க. நீ கடைசியா எப்ப கழுவினே?" பதில் இல்லை.

கூம்பைக் கழற்றச் சொன்னேன். அதுக்கு அந்தப்பக்கம், இன்ஜினுக்குப் போற குழாய்க்குள்ள வெள்ளைத்துணியை விட்டுத் துடைச்சேன். துணி கறுத்து வந்தது. கிளாம்ப் சரியா இறுகலை. ஃபில்டரைச் சுத்திக்கிட்டுத் தூசி நேரா உள்ளே போயிருக்கு. போதாததுக்கு, வெளிக்காத்தை இழுக்கிற பெட்டி போனதால இன்ஜின் பக்கத்துச் சூடான காத்தைத்தான் இழுக்குது. சூட்டுக் காத்து லேசு. சத்தம் கூடும், இழுவை கூடாது.

பழைய பெட்டியைத் தூக்கிப் போடாம டிக்கியில வெச்சிருந்தான், நல்லவேளை. பேப்பர் ஃபில்டர் புதுசா வாங்கிட்டு வந்து ரெண்டு பேருமா மாட்டினோம். கூம்பைக் கழுவிக் காயவெச்சுப் பையில போட்டுக்கிட்டான்.

நீங்களும் மாட்டியிருந்தா, இன்னைக்கே குழாய்க்குள்ள ஒரு வெள்ளைத்துணியை விட்டுப் பாருங்க. எந்த ஃபில்டரானாலும் கவனிச்சு மாட்டுற கை ஒண்ணு வேணும்.