கொல்லிமலைச் சாமையும் தழைச்சத்தும்

நாமக்கல் மாவட்டத்தில், கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் பரந்து கிடக்கும் கொல்லிமலையின் மேட்டு நிலங்களில், மலையாளி எனப்படும் பழங்குடி மக்கள் நெடுங்காலமாக மானாவாரியில் பயிரிட்டுவரும் சிறுதானியங்களுள் சாமை பிரதானமானது. வெள்ளப்பெருஞ்சாமை, மல்லியச்சாமை, கட்டவெட்டிச்சாமை என அங்கு வழங்கும் நாட்டு இரகங்கள் அற்ப உரத்திலும் விளையக்கூடியவை; தழைச்சத்து எனப்படும் நைட்ரஜனை அவற்றுக்கு எவ்வளவு, எப்போது, எவ்விதமாக இடுவது என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

இதன் சூட்சுமத்தை அறியக் கோதுமையின் சரித்திரத்தைச் சற்றே நோக்குதல் தகும். வட இந்தியாவில் கார்த்திகையில் விதைத்துச் சித்திரையில் அறுக்கும் கோதுமையின் பழைய இரகங்கள், தழைச்சத்தை மிகுதியாக இட்டால் உயர்ந்து வளர்ந்து கதிரின் பாரம் தாங்காமல் சாய்ந்துவிடும். ஜப்பானிய நோரின் 10 இரகத்தின் குட்டைத்தன்மை மெக்சிகோ வழியாக இங்கு வந்து, 1966ஆம் ஆண்டில் 18,000 டன் மெக்சிகோ விதை இறக்குமதியான பின்னரே, ஹெக்டேருக்கு 120 கிலோ அளவில் தழைச்சத்தைத் தாங்கி நிற்கும் கோதுமை நம் வயல்களில் பரவிற்று. அம்முயற்சியில் முன்நின்ற கும்பகோணத்து எம். எஸ். சுவாமிநாதன் 1988இல் சென்னையில் நிறுவிய ஆராய்ச்சி நிறுவனமே, பின்னாளில் கொல்லிமலையின் சாமை, தினை, கேழ்வரகு இரகங்களைக் காக்கும் பணியையும் மேற்கொண்டது. ஆயினும் நாட்டுச்சாமைக்கு அத்தகைய குட்டைத்தண்டு வாய்க்கவில்லை; ஆகையால் கோதுமையின் அளவை இங்கே பின்பற்றுவது விளைச்சலை மண்ணில் கிடத்துவதாகும்.

சாமைக்கு ஹெக்டேருக்குச் சுமார் 40 கிலோ தழைச்சத்து போதுமானது. யூரியாவில் 46 சதவீதமே தழைச்சத்தாதலால், இது ஏக்கருக்கு 35 கிலோ யூரியாவாகும்; 45 கிலோ மூட்டை ஒன்றுகூடச் செலவாகாது. தொழு உரம் தாராளமாக இட்ட நிலத்தில் இதையும் குறைத்துக்கொள்ளலாம்.

அளவைக் காட்டிலும் காலமே முக்கியம் என்பது என் துணிபு. மலைச்சரிவில் பெருமழை பெய்யும்போது, மண்ணில் நைட்ரேட்டாக மாறிய சத்து நீரோடு கரைந்து வேருக்கு எட்டாத ஆழத்திற்கோ ஓடைக்கோ போய்விடுகிறது. முழு உரத்தையும் விதைப்பின்போதே இட்டுவிட்டால், இரண்டு மூன்று இலை விட்ட இளம்பயிர் அதை உண்ணுமுன் மழை கொண்டுபோகும். எனவே பாதியை அடியுரமாகவும், மீதியை மூன்று வாரம் கழித்துக் களையெடுத்து மண் ஈரமாக இருக்கையில் மேலுரமாகவும் இடுதல் நன்று. மேலே தூவிய யூரியா அப்படியே கிடந்தால் அதன் ஒரு பகுதி அம்மோனியா ஆவியாகப் பறந்துவிடுமாதலால், கொத்தினால் மண்ணைக் கிளறி மூடவேண்டும். இலையில் பனி நிற்கும் விடியற்காலையில் தூவினால், குருணை இலையிடுக்கில் ஒட்டிக் கரைந்து அவ்விடம் கருகிப்போகும். பயிருக்குச் சத்து போதாமையை அதன் அடியிலைகளே காட்டும்: நுனியில் தோன்றும் மஞ்சள் நடுநரம்பின் வழியே உள்நோக்கி இறங்கும், புதிய இலைகளோ சில காலம் பச்சையாகவே இருக்கும்.

மூட்டை உரம் மலையேறுவதற்கு முன்பே இம்மக்கள் தழைச்சத்துக்கு வழி கண்டிருந்தனர் என்பதை மிகுந்த மதிப்புடன் குறிப்பிட வேண்டும். தானியத்தோடு கலந்து விதைத்த அவரை, மொச்சை, துவரை ஆகியவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து நிலைநிறுத்துகின்றன. அவற்றின் சருகும் வேரும் மக்கி அடுத்த பயிருக்கு உணவாகின்றன. தொழு உரத்தில் தழைச்சத்து அரை சதவீத அளவே; ஏக்கருக்கு ஐந்து டன் இட்டால் 25 கிலோ கிடைக்குமாயினும், அதில் ஒரு பகுதியே முதலாண்டில் பயிருக்கு உதவும், எஞ்சியது மெல்ல மெல்ல விடுபடும். அந்த நிதானமே மழைமிகுந்த சரிவில் அதன் பெருஞ்சிறப்பு.

சமவெளியின் ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி பெருகி, சாமை நிலம் சுருங்கியபின் இந்த ஒழுங்கு குலைந்தது. கிழங்கைப் பிடுங்குகையில் மண் பிளந்து மழையில் அரிபட, மேல்மண்ணோடு சத்தும் இறங்கிப்போகிறது. மரவள்ளி வரிசைகளின் இடையே சாமையையோ அவரையையோ ஊன்றுவதும், சரிவுக்குக் குறுக்கே கல்வரப்பு இடுவதும், குப்பைக்குழியைக் கூரையால் மூடி மழைநீர் புகாமல் காப்பதும் அந்த இழப்பைக் குறைக்கும்.