நியூ ஈர்ஸ்விக்: ஓர் ஆங்கிலேயக் குடியிருப்புக் கிராமத்தில் வசதிகள் உருவான வரலாறு

வட இங்கிலாந்தின் யார்க் நகர மையத்திலிருந்து வடக்கே ஏறக்குறைய இரண்டரை மைல் தொலைவில் இருக்கிறது நியூ ஈர்ஸ்விக். சுமார் 2,700 பேர் வாழும் இந்தக் கிராமத்தில் பெரும்பாலான தெருக்களுக்கு மரங்களின் பெயர்களே வைக்கப்பட்டுள்ளன. நகரமைப்பு வரலாற்றை எழுதுவோர் இதை லெட்ச்வொர்த் தோட்ட நகரத்துக்கு முந்தைய ஒத்திகை என்று ஒரு பத்தியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். வீடுகளின் வடிவழகைப் பற்றிக் கட்டடக்கலையாளர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். இவ்வளவு வசதிகள் ஒரே இடத்தில் எப்படிச் சேர்ந்தன, ஒரு நூற்றாண்டுக்குப் பிறகும் எப்படி நிலைத்திருக்கின்றன என்ற கேள்வி அவற்றில் பின்னுக்குப் போய்விடுகிறது. விடை, நிலத்தின் உடைமையை யாரிடம் வைப்பது என்று 1904இல் எடுக்கப்பட்ட முடிவில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கிராமத்தின் தொடக்கத்தை யார்க் நகரத்தின் வறுமையில் தேட வேண்டும். கோகோ, சாக்லேட் தொழிலில் பெயர்பெற்ற ரௌன்ட்ரீ குடும்பத்தைச் சேர்ந்த சீபோம் ரௌன்ட்ரீ 1899இல் அந்நகரத்தின் உழைக்கும் குடும்பங்களை வீடு வீடாகக் கணக்கெடுக்கச் செய்தார். 11,560 குடும்பங்கள், 46,754 பேர். 1901இல் நூலாக வெளிவந்த முடிவுகள் நாட்டையே உலுக்கின. நகரத்து மக்களில் 27.84 விழுக்காட்டினர் வறுமையில் இருந்தார்கள். கணவன், மனைவி, மூன்று குழந்தைகள் கொண்ட குடும்பம் உடல்நலம் கெடாமல் உயிர்வாழ வாரத்துக்கு 21 ஷில்லிங் 8 பென்ஸ் வேண்டும் என்று அவர் கணக்கிட்டார். அதில் உணவுக்கு 12 ஷில்லிங் 9 பென்ஸ், வாடகைக்கு 4 ஷில்லிங், துணிமணி, விளக்கு, எரிபொருள் முதலியவற்றுக்கு மீதி. இந்தக் கணக்கில் செய்தித்தாளுக்கோ, ரயில் பயணத்துக்கோ, குழந்தைக்கு ஒரு மிட்டாய்க்கோ இடமில்லை. ஹங்கேட் போன்ற நெரிசல் பகுதிகளில் பல குடும்பங்கள் ஒரே கழிப்பிடத்தைப் பகிர்ந்துகொண்டு வாழ்ந்த நிலையையும் நூல் பதிவுசெய்தது.

சீபோமின் தந்தை ஜோசப் ரௌன்ட்ரீ (1836–1925) குவேக்கர் சமயப் பிரிவைச் சேர்ந்தவர். பதினான்கு வயதில், 1850இல், தந்தையோடு அயர்லாந்துக்குச் சென்று உருளைக்கிழங்குப் பஞ்சத்தின் விளைவுகளை நேரில் பார்த்தவர். தம் அறக்கட்டளைகளுக்காக 1904இல் எழுதிய குறிப்பில் அவர் ஒன்றைத் தெளிவாகச் சொன்னார்: யார்க்கில் கஞ்சித்தொட்டி வைக்கப் பணம் தாராளமாகக் கிடைக்கிறது, வறுமைக்கான காரணங்களை ஆராயக் கேட்டால் கொடுப்போர் குறைவு. ஆகவே தம் பணம் மேற்பூச்சு நிவாரணத்துக்குப் போகாமல் காரணங்களைத் தேடிக் களைவதற்குப் போக வேண்டும் என்றார். கிராமம் அமைக்கப்பட்டதன் நோக்கத்தை இந்தக் குறிப்போடு சேர்த்தே வாசிக்க வேண்டும்.

தொழிலதிபர்கள் கிராமம் கட்டுவது அன்று புதிதல்ல. யார்க்ஷயரிலேயே டைட்டஸ் சால்ட் 1853இல் திறந்த ஆலையைச் சுற்றி சால்ட்டயர் எழுந்தது. மெர்சி ஆற்றங்கரையில் 1888இல் தொடங்கிய போர்ட் சன்லைட், லீவரின் சோப்புத் தொழிற்சாலைக்கானது. இவற்றில் வீடும் வேலையும் ஒரே கையில் இருந்தன. வேலை போனால் வீடும் போகும் என்ற அச்சம் குடியிருப்போரை விட்டு அகலவில்லை. பர்மிங்காம் அருகே போர்ன்வில்லில் ஜார்ஜ் கேட்பரி 1900இல் நிலத்தை ஓர் அறக்கட்டளைக்கு எழுதிவைத்தபோதுதான் வேறொரு பாதை தெரிந்தது. ரௌன்ட்ரீ அந்தப் பாதையைப் பின்பற்றினார்.

சுமார் 150 ஏக்கர் நிலம் வாங்கப்பட்டது. ரேமண்ட் அன்வின், பேரி பார்க்கர் ஆகியோரிடம் திட்டம் ஒப்படைக்கப்பட்டது. 1902 முதல் 1904 வரை முதல் 28 வீடுகள் எழுந்தன. இவற்றைச் சற்று நின்று பார்க்க வேண்டும். அக்காலத்துத் தொழிலாளர் வீடுகள் தெருவை நோக்கியே நின்றன. வெயில் எந்தப் பக்கம் வந்தாலும் வாசல் தெருப்பக்கம்தான். பின்புறம் நீட்டிக் கட்டிய பகுதி வெளிச்சத்தையும் காற்றையும் அடைத்துக்கொண்டது. அன்வின் அந்த வழக்கத்தை உடைத்தார். குடும்பம் பகலெல்லாம் புழங்கும் அறைக்கு வெயில் வர வேண்டும், தெரு அதற்கேற்ப வளையட்டும் என்பது அவர் கொள்கை. ஒவ்வொரு வீட்டுக்கும் காய்கறி பயிரிடப் போதிய தோட்டமும் அதில் பழமரங்களும் இருந்தன. கிராமத்தின் ஓரத்திலிருந்த சூளையின் செங்கல்லே சுவர்களுக்குப் பயன்பட்டது. களிமண் தோண்டிய அந்த இடம் பின்னாளில் நீர்நிலையும் பறவைகளும் நிறைந்த இயற்கைக் காப்பிடமாயிற்று.

விருந்தினருக்கென முன்னறை ஒன்று வேண்டும் என்பது தொழிலாளர் குடும்பங்களின் நெடுநாள் ஆசை. எப்போதாவது திறக்கும் அந்த அறையால் குடும்பம் நாள்தோறும் நெருக்கத்தில் வாழ்கிறது என்று அன்வின் வாதிட்டு, பெரிய ஒற்றைக் கூடத்தையே விரும்பினார். இந்த இடத்தில் மக்களின் பக்கமே நியாயம் அதிகம் என்று கருதுகிறேன். முன்னறை அவர்களுக்கு மரியாதையின் அடையாளம். அதைச் சதுர அடிக் கணக்கால் மட்டும் தீர்த்துவிட முடியாது.

1904இல் ரௌன்ட்ரீ கிராமத்தின் உடைமையையும் நிர்வாகத்தையும் ஜோசப் ரௌன்ட்ரீ கிராம அறக்கட்டளைக்கு மாற்றினார். வீடுகள் சாக்லேட் ஆலைத் தொழிலாளருக்கு மட்டும் உரியவை என்ற நிபந்தனை இல்லை. உழைக்கும் மக்கள் யாரும் வந்து குடியேறலாம். வாடகை எளியோருக்குக் கட்டுப்படியாக வேண்டும், அதே வேளையில் போட்ட முதலுக்கு மிதமான வருவாயும் தர வேண்டும். தானமாகக் கொடுத்த வீடு என்றால் பிறர் அதைப் பின்பற்றமாட்டார்கள் என்ற கணிப்பு இதற்குப் பின்னால் இருந்தது. கிராமம் தன்னைத்தானே ஆண்டுகொள்ளும் சமூகமாக வளர வேண்டும் என்பதும் நிறுவனரின் விருப்பம்.

வசதிகள் இந்த ஏற்பாட்டின்மேல் ஒவ்வொன்றாக வந்தன. 1907இல் ஃபோக் ஹால் எனும் பொது மன்றம் திறக்கப்பட்டது. கூட்டம், வாசிப்பு, நாடகம், வழிபாடு எல்லாவற்றுக்கும் ஒரே கூரை. 1912இல் தொடக்கப் பள்ளி வந்தது. வெயிலும் காற்றும் வகுப்பறைக்குள் தாராளமாக வரும்படி, மடக்கித் திறக்கும் பெரிய சன்னல்களோடு அது வடிவமைக்கப்பட்டது. 1942இல், போரின் நடுவிலும், ஜோசப் ரௌன்ட்ரீ பெயரால் இடைநிலைப் பள்ளி திறக்கப்பட்டது. மதுவிலக்கைப் போற்றிய குவேக்கர் மரபுக்கேற்ப, மதுக்கடைக்குத் திட்டத்தில் இடம் தரப்படவில்லை. குடியிருப்போரின் நன்மைக்கென்று நிறுவனர் தாமே எடுத்த இம்முடிவு, தன்னாட்சி என்ற அவருடைய கொள்கையோடு முழுதும் பொருந்தவில்லை.

இதைவிடப் பெரிய குறை வாடகையில் இருந்தது. முதலுக்கு வருவாய் வேண்டும் என்ற விதியோடு தோட்டமும் வெளிச்சமும் உள்ள வீட்டைக் கட்டினால், அதன் வாடகை ஹங்கேட்டின் பரம ஏழைகளுக்கு எட்டாது. நிலையான கூலி பெற்ற தொழிலாளர்களும் எழுத்தர்களுமே வர முடிந்தது. சீபோமின் கணக்கெடுப்பு யாரை அடையாளம் காட்டியதோ, அவர்களில் பெரும்பாலோர் யார்க்கின் பழைய சந்துகளிலேயே இருந்தார்கள். அறக்கட்டளையின் நல்லெண்ணத்தால் மட்டும் தாண்ட முடியாத தடை இது. தாண்ட அரசின் பணம் வேண்டியிருந்தது.

அது முதல் உலகப் போருக்குப் பின் வந்தது. 1918இல் டியூடர் வால்ட்டர்ஸ் குழு அளித்த அறிக்கையில் அன்வினின் கை ஓங்கியிருந்தது. நகரப் பகுதிகளில் ஏக்கருக்கு 12 வீடுகளுக்கு மேல் கூடாது, எதிரெதிர் வரிசைகளுக்கிடையே 70 அடி இடைவெளி வேண்டும், ஒவ்வொரு வீட்டிலும் குளியல் வசதி வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. அடுத்த ஆண்டே வந்த அடிசன் சட்டம் உள்ளாட்சிகளுக்கு மானியம் தந்தது. நியூ ஈர்ஸ்விக்கில் 28 வீடுகளில் சோதித்துப் பார்க்கப்பட்ட கருத்துகள் இவ்வாறு நாடெங்கும் உள்ளாட்சி வீடுகளின் அளவுகோலாயின. கிராமமும் அரசு மானியத்தோடு விரிந்தது. அன்வின் அரசுப் பணிக்குச் சென்றபின் பார்க்கர் தொடர்ந்து வடிவமைத்தார். போக்குவரத்து நுழையாத முட்டுத் தெருக்களைச் சுற்றி வீடுகள் அமைந்தன. குழந்தைகள் தெருவில் அச்சமின்றி விளையாட முடிந்தது.

அருகிலிருந்த ஈர்ஸ்விக் ரயில் நிலையம் 1965இல் மூடப்பட்டது கிராமத்துக்கு ஓர் இழப்பு. பழைய வீடுகள் பின்னர் புதுப்பிக்கப்பட்டன. வாழ்நாள் நீண்டு முதியோர் பெருகியபோது, 1998இல் ஹார்ட்ரிக் ஓக்ஸ் என்னும் முதியோர் குடியிருப்பு இங்கே திறக்கப்பட்டது. 152 தனிவீடுகள், நடுவே பராமரிப்பு இல்லம். நோய் வந்தால் யாருக்கு எவ்வளவு செலவாகும் என்று முன்கூட்டித் தெரியாது. ஆகவே குடியிருப்போர் கட்டணம் செலுத்தி அந்தச் சுமையைப் பகிர்ந்துகொள்கிறார்கள். தொடர் பராமரிப்பு வழங்கும் இவ்வகை ஓய்வுக் குடியிருப்பு பிரிட்டனில் இதுவே முதல்.

யார்க்கில் ரௌன்ட்ரீ குடும்பம் வளர்த்த சாக்லேட் நிறுவனம் 1988இல் நெஸ்லே வசம் போனது. ஆலையோடு பிணைந்திருந்தால் கிராமமும் அந்த விற்பனையில் ஒரு சொத்தாகக் கைமாறியிருக்கக்கூடும். 84 ஆண்டுகளுக்கு முன்பே நிலம் அறக்கட்டளையிடம் போய்விட்டதால் வீடுகளுக்கு எதுவும் நேரவில்லை. தொழிற்கிராமங்களை ஆராய முன்வரும் மாணவர்கள் வீடுகளின் வரைபடங்களைத் திறப்பதற்கு முன் நிலத்தை அறக்கட்டளைக்கு மாற்றிய அந்த 1904 ஆவணத்தைப் படிக்க வேண்டும்.