நாணயம் கிடங்கில் இருக்கிறது

மினி டிராக்டர் வாங்கக் கிளம்புகிறவருக்கு ஊரில் கிடைக்கும் முதல் யோசனை, "டீலர் நல்ல ஆளா என்று நாலு பேரிடம் விசாரித்துக்கொள்" என்பதுதான். தப்பான யோசனை இல்லை, ஆனால் பாதி யோசனை. விற்கிறவரின் பேச்சையும் குணத்தையும் வைத்து இயந்திரத்தை எடைபோட்டவர்கள் ஏமாந்த கதை டிராக்டர் பிறந்த காலத்திலேயே தொடங்கிவிட்டது. அந்தக் கதை சட்டமன்றம், வர்த்தக ஆணையம், நீதிமன்றம் என்று பதிவேடுகளோடு முழுசாகக் கிடைப்பது அமெரிக்காவில். சிறு டிராக்டருக்கு இன்று அங்கே பெரிய சந்தை இருக்கிறது. வாங்குகிறவர்களில் பலர் முழுநேர விவசாயிகள்கூட இல்லை. ஐந்து பத்து ஏக்கரை வைத்துக்கொண்டு புல் வெட்டவும் பனி தள்ளவும் சரளை நிரவவும் வண்டி வேண்டும் என்பவர்கள். இயந்திரம் தெரியாதவர்கள் அதிகம் வாங்கும் இடத்தில் டீலரின் நாணயம்தான் பெரிய கேள்வி. அந்த நாட்டின் நூறாண்டு அனுபவத்தைப் படித்தால், நம்பகமான டீலர் நல்ல மனசால் மட்டும் உருவாகவில்லை என்று தெரிகிறது. இயந்திரத்தை வெளியாள் சோதித்து, உதிரிபாகம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்து, தட்டிக்கேட்கவும் வழி இருந்த இடத்தில் சாதாரண வியாபாரியே நாணயமாக நடந்துகொண்டார். இவை இல்லாத இடத்தில் உத்தமரும் கையை விரித்தார்.

1910-களில் அமெரிக்காவில் டிராக்டர் கம்பெனி தொடங்கியவர்கள் நூற்றுக்கும் மேல். அதில் பலரிடம் பட்டறையைவிட விளம்பரம் பெரிதாக இருந்தது. மினியாப்பொலிஸ் நகரில் 'ஃபோர்டு டிராக்டர் கம்பெனி' என்று ஒன்று இருந்தது. கார் செய்த ஹென்றி ஃபோர்டுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஃபோர்டு என்று குடும்பப் பெயர் கொண்ட வேறொருவரைச் சேர்த்துக்கொண்டு, அந்தப் பெயரில் கடை விரித்தார்கள். 1917-ல் ஹென்றி ஃபோர்டு தன் சொந்த டிராக்டரைக் கொண்டுவந்தபோது அதற்கு 'ஃபோர்ட்சன்' என்று பெயர் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். மினியாப்பொலிஸ் 'ஃபோர்டு' ஒன்றை வாங்கி நொந்தவர்களில் ஒருவர் நெப்ராஸ்கா மாநிலம் போல்க் கவுண்டி விவசாயி வில்மாட் குரோஸியர். வண்டி வேலைக்கு ஆகவில்லை என்று சண்டைபோட்டு மாற்று வண்டி வாங்கினார். அதுவும் அதே லட்சணம். பிறகு ஒரு பழைய 'புல்' டிராக்டர், அதுவும் கைகொடுக்கவில்லை. கடைசியாக வாங்கிய ரம்லி ஆயில்புல் மட்டும் சொன்னதைச் செய்தது. சொன்னதைவிட அதிகமாகவே இழுத்தது. அந்தக் கடைசி வண்டிதான் இங்கே முக்கியம். எல்லா வண்டியும் மோசமாக இருந்திருந்தால் குரோஸியர் டிராக்டரே வேண்டாமென்று குதிரைக்குத் திரும்பியிருப்பார். நல்லதும் இருக்கிறது, கெட்டதும் இருக்கிறது, இரண்டையும் விற்கிறவன் ஒரே வாயால் புகழ்கிறான், வாங்கும் முன் பிரித்தறிய வழியில்லை என்பதுதான் அவர் கண்ட பிரச்சினை.

குரோஸியர் மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்வானார். செனட்டர் சார்லஸ் வார்னரோடு சேர்ந்து அவர் கொண்டுவந்த நெப்ராஸ்கா டிராக்டர் சோதனைச் சட்டம் 1919-ல் நிறைவேறியது. மாநிலத்தில் விற்கும் ஒவ்வொரு மாடலிலும் ஒரு வண்டியை லிங்கன் நகரிலுள்ள நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் சோதிக்க வேண்டும், முடிவைக் கம்பெனியின் விளம்பர வாக்கோடு ஒப்பிட்டு வெளியிட வேண்டும் என்றது சட்டம். அந்தக் காலத்தில் டிராக்டரின் திறனை இரண்டு எண்களால் சொல்வார்கள். 12-25 என்றால் முதல் எண் பின்கொக்கியில் இழுக்கும் குதிரைத்திறன், இரண்டாவது பெல்ட் மாட்டிக் கதிரடிக்கும் இயந்திரத்தை ஓட்டும் குதிரைத்திறன். இந்த எண்களை அதுவரை கம்பெனிக்காரர் தம் இஷ்டத்துக்குப் போட்டுக்கொண்டார்கள். 1920 வசந்தத்தில் முதல் சோதனையை முடித்தது 12-25 என்று விற்ற 'வாட்டர்லூ பாய்' மாடல் என். அதன் கம்பெனியை ஜான் டியர் 1918-லேயே வாங்கியிருந்தது. அந்த முதல் பருவத்தில் சில வண்டிகள் சோதனைக்கு வரவே தயங்கின. வந்தவற்றில் சில, ஓட்டத்தின் நடுவே பழுது பார்த்துத்தான் கரையேறின.

சோதனையைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். அதே சட்டத்தின் இன்னொரு பிரிவை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. டிராக்டர் விற்க அனுமதி கேட்கும் கம்பெனி, வாடிக்கையாளருக்கு நியாயமான தூரத்துக்குள், மாநிலத்துக்குள்ளேயே போதிய உதிரிபாகங்களோடு ஒரு சர்வீஸ் நிலையம் வைத்திருக்க வேண்டும் என்பது அந்தப் பிரிவு. என் கணக்கில் குரோஸியரின் கூர்மை இங்கேதான் தெரிகிறது. குதிரைத்திறனில் பொய் சொன்னால் வாங்கியவருக்கு நஷ்டம் ஒருமுறைதான். அறுவடை வாரத்தில் ஒரு பேரிங் போய், அது வேறு மாநிலத்திலிருந்து ரயிலில் வர இரண்டு வாரம் ஆனால், நஷ்டம் ஆண்டுதோறும். அந்த நேரத்தில் டீலர் எவ்வளவு நல்லவராக இருந்தும் பயனில்லை. அவரும் சேர்ந்து வருத்தப்படலாம், அவ்வளவுதான். விற்கிறவரின் மனசாட்சியைச் சட்டத்தால் சோதிக்க முடியாது. அலமாரியில் சாமான் இருக்கிறதா என்று சோதிக்க முடியும். சட்டம் அதைத்தான் செய்தது.

ஃபோர்ட்சனின் கதை இதற்கு எதிர்ச்சாட்சி போலத் தோன்றும். 1922-ல் ஹென்றி ஃபோர்டு அதன் விலையை 625 டாலரிலிருந்து 395-க்கு இறக்கினார். அடுத்த ஓராண்டில் அமெரிக்காவில் விற்ற டிராக்டரில் ஏறக்குறைய முக்கால் பங்கு ஃபோர்ட்சன். விற்றவர்கள் பெரும்பாலும் டவுனில் கார் விற்ற டீலர்கள். பலருக்குக் கலப்பையைப் பூட்டக்கூடத் தெரியாது. ஆக, டீலர் எப்படி இருந்தாலும் விலை குறைந்தால் ஜனம் வாங்கும் என்று வாதிடலாம். வாங்கினார்கள், உண்மைதான். ஆனால் ஃபோர்டு 1928-ல் அமெரிக்காவில் ஃபோர்ட்சன் உற்பத்தியையே நிறுத்திக்கொண்டார், முதலிடம் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டருக்குப் போனது. அந்தக் கம்பெனி ஃபோர்டின் விலைக்குறைப்பு வந்ததும் தானும் விலையைக் குறைத்து, டிராக்டரோடு ஒரு கலப்பையை இலவசமாகக் கொடுத்தது. 1924-ல் வந்த அதன் ஃபார்மால், வரிசைப் பயிருக்கு நடுவே களையெடுக்கத் தோதான நல்ல வண்டி. வெற்றியில் பாதி அந்த வண்டிக்கே உரியது. மீதிப் பாதிக்கு, அறுவடை இயந்திரம் விற்ற காலத்திலிருந்தே கிராமத்துக்குக் கிராமம் வேரூன்றியிருந்த அதன் ஏஜென்டுகளும் கிளைக் கிடங்குகளும் காரணம். விலை முதல் வண்டியை விற்றுக்கொடுக்கும். இரண்டாவது வண்டியை விற்பது கிடங்கு.

இனி சிறு டிராக்டர். அமெரிக்க ஆலைகள் எழுபதுகளில் பெரிய பண்ணைகளுக்கான பெரிய வண்டிகளில் மும்முரமாக இருந்தபோது சின்ன வண்டிக்கான இடத்தை ஜப்பான் பிடித்தது. குபோட்டா 1969-ல் 21 குதிரைத்திறன் கொண்ட எல்200 மாடலை அங்கே இறக்கியது. 1972-ல் கலிஃபோர்னியாவில் தனி விற்பனைக் கம்பெனி தொடங்கியது. ஃபோர்டு தன் சிறு டிராக்டரை ஷிபாவுராவிடமும், ஜான் டியர் தன்னுடையதை யன்மாரிடமும் செய்து வாங்கின. பச்சை வண்ணமும் ஜான் டியர் பெயரும் தாங்கிய 850, 950 மாடல்களைச் செய்தது ஜப்பானிய ஆலை. இதற்கிடையில் ஜப்பானில் வேறொன்று நடந்தது. துண்டு துண்டான நெல்வயல், வாரக்கடைசியில் மட்டும் விவசாயம், சில ஆண்டுக்கொருமுறை புது வண்டி என்ற பழக்கத்தால் அதிகம் ஓடாத பழைய டிராக்டர்கள் அங்கே குவிந்தன. வியாபாரிகள் அவற்றைக் கன்டெய்னரில் ஏற்றி அமெரிக்காவில் இறக்கினார்கள். புது வண்டி விலையில் பாதிக்கும் குறைவாகக்கூட அதே குபோட்டா, அதே யன்மார். புதுப் பெயின்ட் அடித்து, சக்கரத்தை மாற்றி, கொட்டகையில் வரிசையாக நிறுத்தியபோது வாங்குபவருக்கு வித்தியாசம் தெரியவில்லை.

வித்தியாசம் உள்ளே இருந்தது. எச்சரிக்கைச் சீட்டுகள் ஜப்பானிய மொழியில். ஓட்டுநர் கையேடு கிடையாது. அமெரிக்க உற்பத்தியாளர்கள் 1985 முதல் 20 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புது டிராக்டர்களில் பொருத்துவதாக ஒப்புக்கொண்டிருந்த, வண்டி கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் வளைவுச் சட்டம் பல வண்டிகளில் இல்லை. சேற்றில் ரோட்டவேட்டர் ஓட்ட வடிவமைத்த வண்டியின் முன்னால் அமெரிக்கர்கள் மண் அள்ளும் லோடரை மாட்டினார்கள். உடைந்த பாகத்தோடு பக்கத்து ஊர் அதிகாரபூர்வ டீலரிடம் போனால், அவருடைய பட்டியலில் அந்த மாடலே இல்லை. வாங்கியவருக்கு வந்த கோபம், விற்ற இறக்குமதிக்காரர்மேல் போகவில்லை. "இல்லை" என்று சொன்ன அந்த டீலர்மேலும், வண்டியில் எழுதியிருந்த பெயர்மேலும் போனது. குபோட்டா 1996-ல் அமெரிக்க சர்வதேச வர்த்தக ஆணையத்திடம் புகார் செய்தது. 50 குதிரைத்திறனுக்கு உட்பட்ட டிராக்டர்கள் பற்றிய அந்த வழக்கில் 1997-ல் ஆணையம் பெரும்பாலும் குபோட்டா பக்கம் தீர்ப்பளித்து இறக்குமதிக்குத் தடை போட்டது. 1999-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. பழைய பொருள்தானே, பழசு என்று தெரிந்தேதானே வாங்கினார்கள் என்ற வாதம் எடுபடவில்லை. கவனிக்க வேண்டியது, நீதிமன்றம் வண்டியின் இரும்பை மட்டும் பார்க்கவில்லை. பயிற்சி பெற்ற மெக்கானிக், ஆங்கிலக் கையேடு, கிடைக்கக்கூடிய உதிரிபாகம் இவையும் அந்தப் பெயரை நம்பி வாங்கியவர் எதிர்பார்த்த பொருளின் பகுதி என்று கொண்டது.

இது கம்பெனியின் சுயநலம் என்று சொல்வோர் உண்டு. மறுக்க மாட்டேன். மலிவான பழைய வண்டிகள் புது வண்டி விற்பனையைக் கடித்தன. குபோட்டாவுக்கு வலித்தது முதலில் அங்கேதான். தானே பிரித்து மாட்டத் தெரிந்தவருக்கு ஒரு பழைய யன்மார் அருமையான வண்டி. அவருடைய வேலை நாலு நாள் தள்ளிப்போனால் பயிர் கருகிவிடாது. இன்னும் முக்கியம், அதிகார முத்திரை இல்லாத சில வியாபாரிகள் ஜப்பானிலிருந்து உதிரிபாகங்களையும் சேர்த்தே வரவழைத்து, எந்த மாடலுக்கு எது பொருந்தும் என்று பட்டியல் போட்டு, ஆண்டுக்கணக்கில் விற்றார்கள். முத்திரை பெற்ற பல டீலர்களைவிட அவர்கள் நம்பகமானவர்கள். இந்த ஆட்சேபம் என் வாதத்தை உடைக்கவில்லை, உறுதிப்படுத்துகிறது. சுவரில் மாட்டிய கம்பெனிச் சான்றிதழில் நாணயம் இருப்பதில்லை என்பதைத்தானே அவர்களும் காட்டினார்கள்.

முத்திரை மட்டும் போதாது என்பதற்கு எதிர்த்திசையிலிருந்தும் சாட்சி இருக்கிறது. உதிரிபாகமும் பழுதுபார்க்கும் மென்பொருளும் டீலரிடம் மட்டும் என்றாகிவிட்டால் கிடங்கே கிடுக்கிப்பிடியாகிவிடும். கொலராடோ மாநிலம் 2023-ல் விவசாயி தன் இயந்திரத்தைத் தானே பழுதுபார்க்கும் உரிமைக்குச் சட்டம் இயற்றியதும், 2025 ஜனவரியில் அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் ஜான் டியர்மீது இதே விஷயத்தில் வழக்குத் தொடுத்ததும் இந்த அச்சத்தால்தான். ஆக, கிடங்கு நிறைந்திருந்தால் மட்டும் போதாது, அது எவருக்கும் திறந்திருக்கவும் வேண்டும். வெளி மெக்கானிக்குக்குப் பாகம் தர மறுக்கும் டீலரை நம்பகமானவர் பட்டியலில் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை.

இன்று நிலைமை இன்னும் சிக்கல். நம் மஹிந்திரா 1994 முதல் அமெரிக்காவில் விற்கிறது. அதன் சிறு டிராக்டர்களில் சில கொரிய, ஜப்பானிய ஆலைகளில் செய்தவை. மேலைப் பெயர் தாங்கிய வேறு சில சிறு வண்டிகளும் அப்படியே. மூடியின்மேல் இருக்கும் பெயர் ஒன்று, செய்த கை வேறொன்று. ஒப்பந்தம் முடிந்தால் அடுத்த மாடல் வேறு ஆலையிலிருந்து வரும், பழைய மாடலின் பாகத்துக்கு டீலரே கதி. இந்த நேரத்தில் குரோஸியரின் சட்டம் சிறு டிராக்டரைக் காப்பாற்றுமா என்றால், காப்பாற்றாது. பின்னாளில் வந்த திருத்தங்கள் சிறு வண்டிகளைக் கட்டாயச் சோதனையிலிருந்து விலக்கிவிட்டன. இந்தியாவில் மத்தியப் பிரதேசம் புத்னியில் 1955-ல் தொடங்கிய மத்தியப் பண்ணை இயந்திரப் பயிற்சி, சோதனை நிலையம் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை தருகிறது. அந்த அறிக்கை வண்டியின் திறனைச் சொல்லும், டீசல் செலவைச் சொல்லும். தாராபுரத்து டீலரின் அலமாரியில் என்ன இருக்கிறது என்று சொல்லாது. அதைப் பார்க்க வேண்டியவர் வாங்குகிறவர்தான். எனவே ஷோரூமில் பளபளவென்று நிற்கும் வண்டியைச் சுற்றிவரும் முன் நேராக உதிரிபாகக் கவுன்ட்டருக்குப் போங்கள். அந்த மாடலின் கிளட்ச் பிளேட்டும் ஹைட்ராலிக் ஃபில்டரும் இன்றைக்குக் கையில் இருக்கிறதா, வெளி மெக்கானிக் கேட்டால் கொடுப்பீர்களா என்று கேளுங்கள். எடுத்துக் காட்டினால் விலை பேசுங்கள். "வரவழைத்துத் தருகிறோம்" என்றால், எத்தனை நாளில் என்று எழுதி வாங்கிக்கொண்டு பேசுங்கள்.