பேச்சுவார்த்தைக்கு வரும் இரு தரப்பு

வெள்ளகோவிலில் நான்கைந்து விசைத்தறிகளை வைத்திருக்கும் ஒருவரை முதலாளி என்பதா, தொழிலாளி என்பதா? தறிகள் அவருடையவை. ஆனால் நூலைத் தந்து துணியைப் பெற்றுக்கொள்ளும் ஜவுளி உற்பத்தியாளருக்கு அவர் கூலிக்கு நெய்பவர். தம் தறியில் ஷிப்டுக்கு நிற்பவருக்கோ கூலி தர வேண்டியவர். தொழிலிடப் பூசல்களுக்கான தீர்வைப் பேசப் புகும்போது இந்த இரட்டை நிலையை நாம் மறந்துவிட முடியாது.

1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டம் தெளிவான இரு தரப்புகளைக் கருதி எழுதப்பட்டது. ஒருபுறம் நிர்வாகம், மறுபுறம் தொழிற்சங்கம், இடையே சமரச அதிகாரி. பேச்சு முறிந்தால் வேலைநிறுத்தம்.

1984இல் பஞ்சப்படி கோரித் திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலாளர்கள் நடத்திய வேலைநிறுத்தம் 127 நாட்கள் நீடித்தது. எதிரே நின்ற முதலாளிகளில் பலர் ஒருகாலத்தில் அதே கம்பெனிகளில் வேலை செய்து மேலே வந்தவர்கள் என்பதைச் சரத் சாரியின் ஆய்வு விரிவாகக் காட்டுகிறது. போராட்டத்தின் வலிமை வரலாற்றில் நின்றது. ஆனால் அதன் பின்விளைவும் நின்றது: ஒரே கூரையின் கீழ் நடந்த வேலைகள் ஒப்பந்தக்காரர்களிடமும் ஜாப் ஒர்க் கூடங்களிடமும் மேலும் மேலும் பிரிந்து சென்றன. கூலி ஒப்பந்தங்கள் தொடர்ந்து கையெழுத்தாயின. அவற்றுக்குள் அடங்காத தொழிலாளர்களும் பெருகினர்.

விசைத்தறியில் இச்சிக்கல் இன்னொரு வடிவில் இருக்கிறது. 2025 மார்ச்சில் கோவை, திருப்பூர் மாவட்டக் கூலி விசைத்தறியாளர்கள் கூலி உயர்வு கோரித் தறிகளை நிறுத்தினர். ஏறக்குறைய ஒரு மாதத்துக்குப் பின் அதிகாரிகள் முன்னிலையில் உடன்பாடு ஏற்பட்டது. சோமனூர் ரகத்துக்கு 15 விழுக்காடும் பிற ரகங்களுக்கு 10 விழுக்காடும் உயர்வு. பேசியவர்கள் தறி உரிமையாளர்களும் ஜவுளி உற்பத்தியாளர்களும். தறிகள் நின்ற நாட்களில் வேலையிழந்த தறித் தொழிலாளி அப்பூசலில் ஒரு தரப்பே அல்லர்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு, 20 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்களில் குறைதீர் குழுவைக் கட்டாயமாக்குகிறது. நான்கைந்து தறிகள் ஓடும் கூடத்தை அவ்வரம்பு எட்டாது. அங்கே எழும் மனக்கசப்பு ஒரு வார்த்தையிலோ, முன்பணத்தைக் கழித்துக்கொண்டு வேறு தறிக்குப் போவதிலோ முடிகிறது. அதைத் தீர்வு என்று நம்மால் சொல்ல இயலவில்லை. கூலி உயர்வு கையெழுத்தாகும் அதே ஒப்பந்தத்தில் தறியில் நிற்பவருக்கான பங்கையும் ஒரு வரியாக எழுதச் செய்வது, அத்தொழிலாளியையும் பேச்சுக்குள் கொண்டுவரும் முதற்படியாக அமையக்கூடும்.